டீசல் சொகுசுக் கார்: லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்? கிலோமீட்டருக்கு எத்தனை ரூபாய்?

யானை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும் என்பது நம்மவர் பழமொழி. அசைந்தும் தின்று, அசையாமலும் தின்பது ஒன்று உண்டானால் அது சொகுசுக் கார்தான். ஓடும்போது டீசல் தின்கிறது. நிற்கும்போது காப்பீடு, வரி, விலை வீழ்ச்சி என்ற பெயர்களில் தின்கிறது. ஆனால் கார் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பதும், பல சமயம் கடைசி வரை கேட்பதும் ஒரே ஒரு கேள்விதான்: “லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?” அல்சூரில் தமிழில் கேட்டாலும், ஜெயநகரில் “எஷ்டு கொடுத்தெ?” என்று கன்னடத்தில் கேட்டாலும், கேள்வி அதேதான்.

முன்பெல்லாம் மெர்சிடிஸ், பி.எம்.டபிள்யூ. என்றால் ஆலை முதலாளிகளும் சினிமாக்காரர்களும் வைத்திருக்கும் வண்டி என்று நாம் விலகி நின்று பார்த்தோம். இன்று நிலைமை மாறிவிட்டது. ஏழெட்டு ஆண்டு ஓடிய டீசல் சொகுசுக் கார் ஒன்று, புதிதாக வரும் நடுத்தரக் காரின் விலைக்கே கிடைக்கிறது. பெங்களூரில் சொந்தத் தொழில் நடத்தும் தமிழர்களும், கணினித் துறையில் வேலை பார்க்கும் இளைஞர்களும், பணி ஓய்வில் வந்த தொகையைக் கையில் வைத்திருக்கும் பெரியவர்களும் இந்த விலையைப் பார்த்து மயங்குகிறார்கள். “டீசல்தானே, செலவு ஒன்றும் ஆகாது” என்று விற்பவரும் சொல்கிறார். அந்தச் சொல்லில் எவ்வளவு உண்மை என்பதைக் கணக்குப் போட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

டீசல் ஏன் கூடுதல் தூரம் ஓடுகிறது?

டீசல் எஞ்சினுக்குப் பெயர் தந்த ருடால்ஃப் டீசல் ஒரு ஜெர்மன் பொறியாளர். அவருடைய எஞ்சின் 1897இல் ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றிகரமாக ஓடிக் காட்டியது. பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறி வைத்து எரிபொருளைப் பற்றவைக்கிறார்கள். டீசல் எஞ்சினில் பொறி கிடையாது. காற்றைப் பதினைந்து பதினாறு மடங்கு அழுத்துகிறார்கள். அழுத்தத்தில் காற்று கொதிக்கக் கொதிக்கச் சூடேறுகிறது. அதில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்கிறது. அழுத்தம் கூடக் கூட, எரியும் வெப்பத்திலிருந்து கிடைக்கும் வேலையும் கூடுகிறது. இது முதல் காரணம்.

இரண்டாவது காரணம், டீசல் கனமான எண்ணெய். ஒரு லிட்டர் டீசலில் உள்ள ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளதைவிட ஏறத்தாழ பத்து சதவீதத்துக்கு மேல் அதிகம். போதாததற்கு, இப்போது நம் நாட்டுப் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள். எத்தனாலின் ஆற்றல் பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான். ஆகவே லிட்டர் கணக்கில் பார்த்தால் இடைவெளி இன்னும் கூடியிருக்கிறது.

மூன்றாவது காரணம், மெதுவாக ஓடும்போது டீசல் எஞ்சின் சிக்கனம் காட்டுவது. பெட்ரோல் எஞ்சினில் வேகத்தைக் குறைக்கக் காற்றின் வழியை அடைக்க வேண்டும். அடைத்த வழியாக மூச்சு இழுப்பதற்கே எஞ்சின் பாடுபடுகிறது. டீசல் எஞ்சினில் காற்றை அடைப்பதில்லை. எண்ணெயின் அளவை மட்டும் குறைக்கிறார்கள். அதனால்தான் இரண்டு லிட்டர் கொள்ளளவுள்ள டீசல் எஞ்சின், ஏறத்தாழ ஒன்றே முக்கால் டன் எடையுள்ள பெரிய காரை இழுத்துக்கொண்டும் சிக்கனமாக ஓட முடிகிறது.

சலுகை விலையில் வளர்ந்த சொகுசு

உலகில் தொடர்ச்சியாகத் தயாரித்து விற்கப்பட்ட முதல் டீசல் கார்களில் பெயர் பெற்றது 1936இல் வந்த மெர்சிடிஸ் 260டி. நம் நாட்டில் டீசல் கார் என்ற பேச்சைக் கொண்டு வந்தது அம்பாசடர். அதுவும் 1980 வாக்கில்தான். அந்த டீசல் அம்பாசடரின் சத்தமும் புகையும் பழைய வாசகர்களுக்கு நினைவிருக்கும். 1995இல் மெர்சிடிஸ் நிறுவனம் புனேயில் கார்களைப் பூட்டத் தொடங்கியபோது டீசல் வகையும் சேர்ந்தே வந்தது. 2007இல் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் சென்னையை அடுத்த சிங்கப்பெருமாள் கோவில் அருகே மகேந்திரா உலக நகரில் ஆலை திறந்தது. பெங்களூர்ச் சாலைகளில் நாம் பார்க்கும் அந்த நிறுவனத்துக் கார்களில் பலவும் செங்கல்பட்டுச் சீமையில் பூட்டப்பட்டவை என்பதை நினைத்தால் நமக்கு ஒரு சின்னப் பெருமிதம் உண்டு.

இந்தக் கார்கள் டீசலில் கொழித்ததற்கு வேறு ஒரு காரணமும் இருந்தது. டீசல் என்பது லாரிக்கும் டிராக்டருக்கும் பம்புசெட்டுக்கும் உரிய எண்ணெய் என்று கருதி அரசு அதன் விலையைத் தாழ்த்தி வைத்திருந்தது. பெட்ரோல் விலைக் கட்டுப்பாடு 2010 ஜூன் மாதம் நீங்கியது. டீசலுக்கு நீங்கவில்லை. விளைவு? 2012 மே மாதத்தில் டில்லியில் லிட்டர் பெட்ரோல் 73 ரூபாயைத் தொட்டபோது டீசல் 41 ரூபாய்க்குக் கிடைத்தது. லிட்டருக்கு 32 ரூபாய் வித்தியாசம்! உழவனுக்கென்று தந்த சலுகையில் அரைக் கோடி ரூபாய்க் காரும் ஓடியது. 2013 ஜனவரியிலிருந்து மாதம் ஐம்பது காசு வீதம் விலையை ஏற்றிக்கொண்டே வந்து, 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாட்டையும் நீக்கினார்கள்.

அதன் பிறகு இடைவெளி சுருங்கிவிட்டது. கர்நாடகத்தில் 2025 ஏப்ரலில் டீசல் விற்பனை வரி 18.44 சதவீதத்திலிருந்து 21.17 சதவீதமாக உயர்த்தப்பட்டது. அந்த ஆண்டு பெங்களூரில் லிட்டர் டீசல் ஏறக்குறைய 91 ரூபாய்க்கும், பெட்ரோல் ஏறக்குறைய 103 ரூபாய்க்கும் விற்றன. அதாவது வித்தியாசம் 12 ரூபாய்தான். “டீசல் மலிவு” என்ற பேச்சு 2012ஆம் ஆண்டுப் பேச்சு. இன்று டீசலில் மிச்சமாவது விலையால் அல்ல. பெரும்பாலும் அது ஓடும் தூரத்தால்தான்.

சான்றிதழ் எண்ணும் சாலை எண்ணும்

விற்பனை நிலையத்தில் கொடுக்கும் பளபளப்பான தாளில் லிட்டருக்கு 18, 20, சிலவற்றில் 22 கிலோமீட்டர் என்றுகூட அச்சிட்டிருப்பார்கள். இது பொய்யா? பொய்யல்ல. ஆனால் அந்த எண் எங்கே பிறந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

வண்டியை ஓர் அறைக்குள் உருளைகளின் மேல் நிறுத்தி ஓட்டுகிறார்கள். மொத்தம் 1,180 விநாடி, அதாவது இருபது நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. முதலில் நகரத்து ஓட்டம் நான்கு முறை. அதில் உச்ச வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர். பிறகு ஊருக்கு வெளியே ஓட்டம். அதில் இந்திய முறைப்படி உச்ச வேகம் 90 கிலோமீட்டர். குளிர்சாதனம் ஓடாது. எதிர்க்காற்று கிடையாது. மேடு பள்ளம் கிடையாது. குறுக்கே ஆட்டோ வராது. வேகத்தை மெல்ல மெல்ல ஏற்றி, மெல்ல மெல்லக் குறைப்பார்கள். எல்லா வண்டிகளையும் ஒரே தராசில் நிறுப்பதற்கு இந்த முறை உதவும். இன்ன வண்டி இன்ன வண்டியைவிடச் சிக்கனம் என்று சொல்லலாம். நம் வீட்டு வாசலிலிருந்து அலுவலக வாசல் வரை எவ்வளவு ஓடும் என்று அது சொல்லாது.

ஆய்வகத்துக்கும் சாலைக்கும் உள்ள தூரத்தை உலகமே உணர்ந்தது 2015 செப்டம்பரில். ஃபோக்ஸ்வாகன் நிறுவனம், சோதனை நடக்கிறதா என்று கண்டுபிடித்து அப்போது மட்டும் நச்சுப்புகையைக் குறைக்கும் மென்பொருளை டீசல் கார்களில் வைத்திருந்தது அமெரிக்காவில் அம்பலமாயிற்று. அந்த விவகாரம் புகையைப் பற்றியது, எரிபொருள் சிக்கனத்தைப் பற்றியது அல்ல. என்றாலும் அறைக்குள் கிடைத்த எண்ணைச் சாலைக்கு அப்படியே கொண்டுவரக் கூடாது என்ற பாடத்தை எல்லோருக்கும் அது கற்பித்தது.

நெரிசல் தின்னும் பங்கு

டாம்டாம் நிறுவனம் 2024ஆம் ஆண்டுக்கு வெளியிட்ட போக்குவரத்துக் கணக்கின்படி, பெங்களூர் நகரில் பத்து கிலோமீட்டர் கடக்கச் சராசரியாக 34 நிமிடம் ஆகிறது. சில்க் போர்டு சந்திப்பிலோ, ஹெப்பாளத்திலோ, ஒயிட்ஃபீல்டு சாலையிலோ மாலை நேரத்தில் மாட்டிக்கொண்டவர்கள் இதைக் கேட்டு, “முப்பத்து நான்கு நிமிடத்தில் யார் போனது?” என்று சிரிப்பார்கள்.

நெரிசலில் நடப்பது என்ன? ஓர் எளிய கணக்கு. பெரிய டீசல் கார் ஒன்று நின்ற இடத்திலேயே, குளிர்சாதனத்தோடு ஓடிக்கொண்டிருந்தால், மணிக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை எண்ணெய் குடிக்கும். பத்து கிலோமீட்டர் பயணத்தில் 25 நிமிடம் நிற்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். நின்றதற்கு மட்டும் சுமார் மூன்றரை டெசிலிட்டர், அதாவது ஒரு லிட்டரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் போய்விட்டது. நகர்ந்து போனதற்கு லிட்டருக்கு 14 கிலோமீட்டர் வீதம் ஏழு டெசிலிட்டர். இரண்டையும் கூட்டினால் ஏறக்குறைய ஒரு லிட்டர். பதினான்கு கொடுக்க வேண்டிய வண்டி ஒன்பதரைக்கு வந்துவிட்டது. வண்டியில் கோளாறு ஒன்றுமில்லை, சாலையில்தான் கோளாறு.

இரண்டு டன் எடையை நிற்பிலிருந்து கிளப்புவதும், கிளப்பிய வேகத்தைப் பிரேக்கில் சூடாக்கி வீணடிப்பதும் இன்னொரு செலவு. ஆகையால் இரண்டு லிட்டர் டீசல் சொகுசுக் கார், பெங்களூர் நகருக்குள் 8 முதல் 11 கிலோமீட்டர் கொடுத்தால் அது இயல்பு. இதைக் கண்டு பணிமனைக்கு ஓட வேண்டியதில்லை.

ஊருக்குப் போகும் வழி

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஓசூர்ச் சாலையில் ஏறுகிறோமே, அங்கேதான் இந்த வண்டியின் உண்மையான குணம் தெரியும். எஞ்சின் நிதானமாகச் சுற்ற, எட்டாவது கியரில் வழுக்கிக்கொண்டு ஓடும்போது 16 முதல் 20 கிலோமீட்டர் வரை தரும்.

ஆனால் இங்கும் ஒரு நுட்பம் உண்டு. சென்னைக்குப் போகும்போது நன்றாகக் கொடுத்த வண்டி, திரும்பும்போது குறைத்துக் கொடுத்துவிட்டது என்று பலர் குறைப்படுகிறார்கள். “அந்த ஊர் டீசல் சரியில்லை” என்றுகூடச் சொல்வார்கள். டீசல்மேல் பழி போட வேண்டாம். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சூளகிரி, கிருஷ்ணகிரி, வாணியம்பாடி என்று இறங்கிக்கொண்டே போய்க் கடற்கரையைத் தொடுகிறோம். திரும்பும்போது, ஆட்களும் மூட்டையும் சேர்த்து இரண்டு டன் எடையை 900 மீட்டர் உயரத்துக்குத் தூக்க வேண்டும். அதற்கு ஆகும் எண்ணெய், எஞ்சினின் திறனையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஏறக்குறைய ஒன்றேகால் லிட்டர். 350 கிலோமீட்டர் பயணத்தில் சமதளத்தில் 18 கொடுக்கும் வண்டி, ஏறி வரும்போது 17 கொடுக்கும். இறங்கிப் போகும்போது 19 வரை கொடுக்கும். ஆகவே சிக்கனத்தை அளக்கப் போகவர இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

வேகமும் முக்கியம். காற்று நம் வண்டியைத் தடுக்கும் விசை, வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. மணிக்கு 80இலிருந்து 100க்குப் போனால் காற்றின் தடை 56 சதவீதம் கூடும். 100இலிருந்து 120க்குப் போனால் அதன்மேல் இன்னும் 44 சதவீதம் கூடும். சொகுசுக் காரில் வேகம் தெரிவதில்லை. அதுதான் அதன் சிறப்பு, அதுதான் அதன் ஆபத்தும். உள்ளே பாட்டுக் கேட்டுக்கொண்டிருப்பவருக்கு 90 போலத் தோன்றும். முள் 120ஐக் காட்டும். உயிருக்கும் நல்லதல்ல, டீசலுக்கும் நல்லதல்ல.

சராசரி போடுவதில் ஏமாறக் கூடாது

“நகரத்தில் 9, நெடுஞ்சாலையில் 18, ஆகச் சராசரி பதின்மூன்றரை” என்று பலர் சொல்கிறார்கள். இது தப்புக் கணக்கு. நகரத்தில் 50 கிலோமீட்டர் ஓட ஐந்தரை லிட்டருக்குச் சற்று மேல் வேண்டும். நெடுஞ்சாலையில் 50 கிலோமீட்டர் ஓட இரண்டே முக்கால் லிட்டர் போதும். நூறு கிலோமீட்டருக்கு எட்டேகால் லிட்டருக்கு மேல். அதாவது சராசரி 12தான். குறைந்த எண்ணே கணக்கைக் கீழே இழுக்கும்.

முகப்புப் பலகையில் கணினி காட்டும் எண்ணும் சற்றுக் கூட்டியே காட்டுவதுண்டு. நம்பகமான வழி பழைய வழிதான். பங்கில் முழுத் தொட்டியும் நிரப்பி, ஓடிய தூரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை அதே பங்கில், தானாக நிற்கும் வரை மட்டும் நிரப்பி, எத்தனை லிட்டர் பிடித்தது என்று பாருங்கள். தூரத்தை லிட்டரால் வகுங்கள். ஒரு தடவை பார்த்தால் போதாது. நான்கைந்து தடவை பார்த்து எழுதி வைத்தால்தான் உண்மை தெரியும்.

புகைவடிகட்டி என்ற புதிய பாரம்

2020 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் பி.எஸ்.6 விதி வந்தது. டீசல் கார்களுக்குப் புகைவடிகட்டி கட்டாயத் தேவையாயிற்று. எஞ்சினிலிருந்து வரும் கரியை இந்த வடிகட்டி பிடித்து வைத்துக்கொள்கிறது. நிறைந்ததும், கூடுதல் டீசலைச் செலுத்திச் சுமார் 600 டிகிரி வெப்பத்தில் அந்தக் கரியை எரித்துவிடும். இதற்கு வண்டி கால் மணி நேரமாவது ஓரளவு வேகத்தில் இடைவிடாமல் ஓட வேண்டும்.

தினமும் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு, காய்கறி வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் நான்கு கிலோமீட்டர் ஓட்டத்தில் இது நடக்குமா? நடக்காது. பாதியில் நிறுத்தினால் எரிப்பும் பாதியில் நிற்கும். செலுத்திய டீசல் வீண். அடுத்த முறை மறுபடி தொடங்கும். சிக்கனம் சரியும்; சில சமயம் எஞ்சின் எண்ணெயில் டீசல் கலக்கும். எச்சரிக்கை விளக்கைப் பொருட்படுத்தாமல் விட்டால் வடிகட்டி முழுதும் அடைத்துக்கொண்டு, பெருந்தொகைக்குச் செலவு வைக்கும். மாதம் இரண்டு மூன்று முறையாவது நைஸ் சாலையிலோ தேவனஹள்ளிச் சாலையிலோ அரைமணி நேரம் ஓட்ட வாய்ப்பில்லாதவர்கள், புதிய டீசல் காரை நாடாமல் இருப்பதே நலம்.

பெரிய டீசல் கார்கள் பலவற்றில் யூரியாக் கரைசல் ஊற்றும் தனித் தொட்டியும் உண்டு. கரைசலில் யூரியா 32.5 சதவீதம். புகையிலுள்ள நைட்ரஜன் நச்சை இது முறிக்கிறது. செலவு அதிகமில்லை. ஆனால் தீர்ந்துவிட்டால் வண்டியை மறுபடி கிளப்ப முடியாது. நெடும்பயணம் போகிறவர்கள் டீசல் முள்ளோடு இதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தப் பாரங்களைச் சுமக்க விரும்பாமல் மாருதி, ஸ்கோடா, ஃபோக்ஸ்வாகன், ஆடி ஆகியவை 2020இல் இந்தியாவில் டீசல் கார்களைக் கைவிட்டன. மெர்சிடிஸும் பி.எம்.டபிள்யூ.வும் அதற்குப் பின்னும் தொடர்ந்து விற்றன.

உண்மையான செலவு எங்கே?

இனி முழுக் கணக்குக்கு வருவோம். ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டர் ஓட்டம். நகருக்குள் 6,000, நெடுஞ்சாலையில் 4,000. டீசல் சொகுசுக் கார் நகரில் 9, வெளியே 18 கொடுத்தால், ஆண்டுக்கு சுமார் 889 லிட்டர். லிட்டர் 91 ரூபாய் வீதம் ஏறக்குறைய 81,000 ரூபாய். அதே அளவுள்ள பெட்ரோல் சொகுசுக் கார் நகரில் ஆறரை, வெளியே 13 கொடுத்தால், சுமார் 1,231 லிட்டர். 103 ரூபாய் வீதம் 1,27,000 ரூபாய். டீசலால் மிச்சம் 46,000 ரூபாய். நல்ல தொகைதான்.

நகரில் 11, வெளியே 18 கொடுக்கும் சாதாரணச் சிறிய பெட்ரோல் காருக்கு ஆண்டுக்கு 79,000 ரூபாய் ஆகும். பார்த்தீர்களா? பெரிய டீசல் காரும் சிறிய பெட்ரோல் காரும் எரிபொருள் செலவில் ஏறக்குறைய சமம்! விற்பவர் சொல்வது இந்த மட்டும் உண்மை. இந்த உண்மையே வாங்குபவரை மயக்கிவிடுகிறது.

ஏனென்றால் எரிபொருள் செலவு மொத்தச் செலவில் ஒரு சிறு பகுதி. உதாரணமாக, 18 லட்ச ரூபாய்க்குப் பழைய டீசல் சொகுசுக் கார் ஒன்றை வாங்குகிறார் ஒருவர். நான்கு ஆண்டில் 40,000 கிலோமீட்டர் ஓட்டி 9 லட்சத்துக்கு விற்கிறார். விலை வீழ்ச்சி மட்டும் கிலோமீட்டருக்கு இருபத்திரண்டரை ரூபாய். காப்பீடு, பராமரிப்பு, டயர், பிரேக் எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் என்று வைத்தால் கிலோமீட்டருக்கு 15 ரூபாய். டீசல் 8 ரூபாய். ஆக மொத்தம் கிலோமீட்டருக்கு நாற்பத்தைந்தரை ரூபாய். அதில் டீசலின் பங்கு ஐந்தில் ஒன்றுகூட இல்லை. லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர் கூடுகிறதா குறைகிறதா என்று கவலைப்படுகிறவர், மற்ற நான்கு பங்கைக் கவனிக்காமல் விடுகிறார்.

புதிதாக வாங்குகிறவருக்கு இது இன்னும் கடுமை. 50 லட்சத்துக்கு வாங்கிய கார் ஏழு ஆண்டில் 70,000 கிலோமீட்டர் ஓடி 20 லட்சத்துக்கு இறங்கினால், விலை வீழ்ச்சி கிலோமீட்டருக்கு 43 ரூபாய். டீசலைப் போல் ஐந்து மடங்கு!

பழைய சொகுசுக் காரில் இன்னொன்றையும் மறக்கக் கூடாது. வண்டியின் விலை இறங்குகிறது. உதிரிப் பாகத்தின் விலை இறங்குவதில்லை. 18 லட்சத்துக்கு வாங்கிய காருக்குப் பாகம் மாற்றும்போது, 60 லட்ச ரூபாய்க் காருக்குரிய விலைதான் கேட்பார்கள். எண்ணெய் பீய்ச்சும் இன்ஜெக்டர், டர்போ, தானியங்கி கியர்ப்பெட்டி இவற்றில் ஒன்று பழுதானால், பல ஆண்டு டீசலில் மிச்சம் பிடித்த பணம் ஒரே பில்லில் போய்விடும்.

டில்லியிலிருந்து வரும் மலிவு வண்டி

பெங்களூரில் விலை கேட்டுத் தயங்குகிறவர்களிடம், “டில்லியில் பாதி விலைக்கு இருக்கிறது” என்று சொல்ல ஆட்கள் உண்டு. மலிவுக்குக் காரணம் இருக்கிறது. பத்து ஆண்டு கடந்த டீசல் வண்டிகள் டில்லி வட்டாரத்தில் ஓடக்கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் உத்தரவிட்டது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதை நிலைநிறுத்தியது. 2025 ஜூலையில் அப்படிப்பட்ட வண்டிகளுக்கு எரிபொருளே நிரப்பக் கூடாது என்று தொடங்கி, சில நாட்களிலேயே நிறுத்தி வைத்தார்கள். அந்த ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உரிமையாளர்கள்மேல் கடும் நடவடிக்கை வேண்டாம் என்றது. டிசம்பரில் அந்தப் பாதுகாப்பு பி.எஸ்.4, அதற்குப் பிந்திய வண்டிகளுக்கு மட்டும் என்று திருத்தியது. இப்படி விதி மாறிக்கொண்டே இருக்கும் இடத்தில், எட்டாவது ஆண்டிலேயே வண்டியைத் தள்ளிவிட உரிமையாளர்கள் துடிப்பது இயற்கை.

வாங்கி வருவது குற்றமல்ல. ஆனால் செலவைக் கூட்டிப் பாருங்கள். டில்லி போக்குவரத்து அலுவலகத்தின் தடையில்லாச் சான்று வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆம் பிரிவுப்படி, வேறு மாநில வண்டியை ஓராண்டுக்கு மேல் இங்கே வைத்திருந்தால் புதிய பதிவெண் பெற வேண்டும். கர்நாடகத்தின் ஆயுள் வரி, 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு 18 சதவீதம். பழைய வண்டிக்கு வயதைப் பொறுத்து இது குறையும். ஆனால் நீங்கள் கொடுத்த விலையைப் பார்த்து வரி போடமாட்டார்கள். வண்டி புதிதாக இருந்தபோது விற்ற விலையை வைத்தே தொடங்குவார்கள். பலருக்கு இங்கேதான் மூச்சு முட்டுகிறது. மலிவாகக் கிடைத்ததன் பெரும்பகுதி வரியில் கரைந்துவிடும்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

முதலாவது, பராமரிப்புப் புத்தகம். எப்போது, எத்தனையாவது கிலோமீட்டரில், என்ன செய்தார்கள் என்ற தொடர்ச்சி வேண்டும். ஏழாண்டு வண்டி 35,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்றால், பில்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மீட்டர் எண்ணைத் திருப்பி வைப்பது பழைய வித்தை.

இரண்டாவது, புகைவடிகட்டியைக் கழற்றி எறிந்திருக்கிறார்களா என்று பாருங்கள். தொல்லை தாங்காமல் சிலர் அப்படிச் செய்கிறார்கள். அது சட்டப்படி தவறு. புகைச் சான்று வாங்கும்போது சிக்கல் உங்களுக்கு வரும், விற்றவருக்கு வராது.

மூன்றாவது, வெள்ளம். 2022 செப்டம்பரில் பெங்களூரின் வெளிவட்டச் சாலைப் பகுதியில் சொகுசுக் கார்கள் கூரை வரை மூழ்கின. சென்னையில் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் அப்படியே. இருக்கைப் பட்டியை முழுதும் இழுத்து, அடியில் சேற்றுக் கறை உண்டா என்று பாருங்கள். தரைவிரிப்பைத் தூக்கி முகர்ந்து பாருங்கள்.

நான்காவது, டயர். சில சொகுசுக் கார்களில் காற்று இறங்கினாலும் ஓடும் தடித்த டயர்கள் இருக்கும். நான்கையும் மாற்ற என்ன விலை என்று ஜே.சி. சாலையில் ஒரு முறை விசாரித்துவிட்டு வந்தால் மயக்கம் பாதி தெளியும்.

ஐந்தாவது, வண்டியின் பேரில் வங்கிக் கடன் பாக்கி இருக்கிறதா என்பது. பதிவுச் சான்றில் அடமானக் குறிப்பு இருந்தால், அது நீக்கப்படும் வரை முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். கடைசியாக, அந்த நிறுவனத்து வண்டிகளில் தேர்ந்த தனி மெக்கானிக் ஒருவரிடம் காட்டி, கணினி வைத்துச் சோதித்துக்கொள்ளுங்கள். அதற்குக் கொடுக்கும் சில ஆயிரம் வீண் போகாது.

யாருக்கு ஏற்றது?

மாதத்தில் இரண்டு முறையாவது சேலத்துக்கும் கோவைக்கும் சென்னைக்கும் காரிலேயே போய்வரும் வியாபாரிக்கு, ஆண்டுக்கு இருபதாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுகிறவருக்கு, இந்த வண்டி பொருத்தம். நெடுஞ்சாலையில் அது தரும் சிக்கனமும் பாதுகாப்பும் அலுப்பின்மையும் கொடுத்த காசுக்குத் தகும். வாங்கும் விலைக்கு மேல் இரண்டு மூன்று லட்சத்தைப் பழுதுக்கென்று தனியே ஒதுக்கி வைக்க முடிந்தவர் துணிந்து வாங்கலாம்.

கோரமங்களாவிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டிக்கும், வீட்டிலிருந்து கோயிலுக்கும் மட்டும் ஓட்டுகிறவருக்கு அது பொருந்தாது. ஆண்டுக்கு 5,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவர் டீசலால் மிச்சம் பிடிப்பது 23,000 ரூபாய்தான். அதை வடிகட்டி ஒன்றே விழுங்கிவிடும். பணி ஓய்வுத் தொகையையோ மகள் திருமணத்துக்கென்று சேர்த்த பணத்தையோ எடுத்து, “டீசல்தானே” என்ற ஒரு சொல்லை நம்பி இதில் போடுவது வேண்டாம்.

ஆசைப்படுவது தவறல்ல. நல்ல காரில் குடும்பத்தோடு ஊருக்குப் போக வேண்டும் என்ற ஆசை உழைப்பவர் எல்லோருக்கும் உண்டு. முன்பணம் கொடுக்கும் முன், ஒரு தாளை எடுத்துத் தம் ஓட்டத்தில் நகரம் எவ்வளவு, நெடுஞ்சாலை எவ்வளவு என்று எழுதி, மேலே சொன்ன கணக்கைத் தம் எண்களைக் கொண்டு ஒரு முறை போட்டுப் பார்க்குமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம். கூட்டுத்தொகையை வீட்டில் உள்ளவர்களிடமும் காட்டிவிட்டு முடிவெடுங்கள்.